முதுகுக்கு எட்டாத கருவி



வரலாறு என்றதும் நம் மாணவர்களின் நினைவுக்கு வருபவை போர்களும் பேரரசர்களும் ஆண்டுகளும்தாம். தேர்வுக்கு வேண்டியவையும் அவையே. ஆனால், அந்தப் பேரரசர்கள் எப்படிக் குளித்தார்கள், உடம்பில் படிந்த அழுக்கை எதைக் கொண்டு தேய்த்தார்கள் என்று பாடநூல்கள் சொல்வதில்லை. என்னைக் கேட்டால், ஒரு குமுகாயத்தின் உண்மை முகத்தை அரியணையைவிடக் குளியலறையே தெளிவாகக் காட்டும் என்பேன். அங்கே பட்டாடையும் இல்லை, மணிமுடியும் இல்லை. உடம்பும் நீரும் கையில் ஒரு கருவியும் மட்டுமே இருக்கும். அந்தக் கருவியைச் சற்று ஊன்றிப் பார்த்தால், அது யாருடைய கைக்காகச் செய்யப்பட்டது என்பது விளங்கிவிடும்.

நம் முன்னோர் இவ்வகைக் கருவிகளுக்காகக் கடைக்குப் போனதில்லை. வேலியில் படர்ந்த பீர்க்கங்காயை முற்றி உலரவிட்டு, தோலையும் விதையையும் நீக்கினால் கிடைக்கும் கூடு உடம்பு தேய்க்க உதவியது. தேங்காய் நார் இருந்தது. குதிகாலைத் தேய்க்கக் கிணற்றடியில் ஒரு சொரசொரப்பான கல் கிடந்தது. இவையெல்லாம் இயற்கை வடிவமைத்துக் கொடுத்தவை. மனிதன் தானே சிந்தித்து, உலோகத்தை வளைத்து, உடம்பைத் துப்புரவு செய்வதற்கென்றே வடிவமைத்த கருவிகளுள் மிகவும் புகழ்பெற்றது ஒன்று உண்டு. கிரேக்கர் கையாண்டு, உரோமானியர் தம் பேரரசு முழுதும் பரப்பிய அக்கருவியின் பெயர் 'ஸ்டிரிஜில்'. அதன் கதையைத்தான் இன்று எழுத விரும்புகிறேன்.

எண்ணெயும் புழுதியும்

பண்டைய கிரேக்க இளைஞர்கள் உடற்பயிற்சிக் கூடத்தில் மற்போரிடும் முன் மேனி முழுதும் ஒலிவ எண்ணெயைப் பூசிக்கொள்வர். அதன் மேல் மென்மையான புழுதியைத் தூவிக்கொள்வதும் உண்டு. பயிற்சி முடியும்போது எண்ணெய், புழுதி, வியர்வை மூன்றும் கலந்து உடம்பில் ஒரு பசைபோல் ஒட்டியிருக்கும். வெறும் நீரை ஊற்றினால் அது போகாது. எண்ணெயில் நீர் ஒட்டாது என்பது நாம் அறிந்ததே. உடம்புக்குச் சவர்க்காரம் போடும் வழக்கமும் அவர்களிடம் இல்லை.

இதே சிக்கல் நமக்கும் உண்டு. தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகும் நாம் அந்த எண்ணெயை எப்படி எடுக்கிறோம்? சிகைக்காயோ அரப்போ பயற்றம் மாவோ தேய்க்கிறோம். அந்தப் பொடிகள் எண்ணெயோடு கலந்து, நீரோடு கழன்றுவிடுகின்றன. நம்மவர் ஒரு பொடியைக் கொண்டு தீர்த்துக்கொண்ட சிக்கலைக் கிரேக்கர் ஒரு வடிவத்தைக் கொண்டு தீர்த்தனர். தோசை மாவுப் பாத்திரத்தின் உட்புறத்தை விரலால் வழித்தெடுப்பதுபோல், உடம்பின் மீதிருந்த எண்ணெய்ப் பசையை ஒரு வளைந்த தகட்டால் வழித்தெடுத்தனர். ஸ்டிரிஜிலின் வேலை அவ்வளவுதான். அது தேய்க்கும் கருவி என்பதைவிட வழிக்கும் கருவி என்பதே பொருத்தம்.

வளைவில் இருக்கிறது நுட்பம்

அருங்காட்சியகங்களில் இன்று காணப்படும் ஸ்டிரிஜில்கள் பெரும்பாலும் வெண்கலத்தாலோ இரும்பாலோ ஆனவை. பார்ப்பதற்கு ஒரு சிறிய அரிவாளைப் போலிருக்கும். ஆனால், அரிவாளுக்குரிய கூர்மை இராது. அதன் அமைப்பை மூன்று பகுதிகளாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, வளைவு. மனித உடம்பில் நேர்க்கோடு என்பதே கிடையாது. புயம், தொடை, கெண்டைக்கால் ஆகிய அனைத்தும் உருண்டை. நேரான தகடு உருண்டையான பரப்பின் மீது ஓர் இடத்தில்தான் படும். வளைந்த தகடோ அதை அணைத்துக்கொண்டு இறங்கும். அழுத்தம் ஓரிடத்தில் குவியாமல் பரவுவதால் தோல் கிழியாது.

இரண்டாவது, பள்ளம். தகடு தட்டையாக இராது; நீளவாக்கில் குழிந்து, பிளந்த மூங்கிலைப் போல் ஒரு வாய்க்காலாக இருக்கும். வழித்த எண்ணெய் தரையில் சிந்தாமல் அந்த வாய்க்காலில் சேரும். ஒருமுறை இழுத்ததும் அதை உதறியோ விரலால் துடைத்தோ மறுமுறை இழுக்கலாம்.

மூன்றாவது, கைப்பிடி. எண்ணெய் படிந்த கையில் எந்தக் கருவியும் வழுக்கும். கிரேக்கக் கைவினைஞர் அதற்கு ஓர் எளிய வழி கண்டனர். தகட்டையே நீட்டி, பின்புறமாக மடித்து, ஒரு வளையமாக்கினர். விரல்களை அதனுள் நுழைத்துக்கொண்டால் கருவி நழுவாது. வேலை முடிந்ததும் அதே வளையத்தைக் கொண்டு அதைத் தொங்கவிடலாம். பொம்பெயி நகரின் இடிபாடுகளில் கிடைத்த ஒரு தொகுப்பு நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒரு பெரிய வளையத்தில் சில ஸ்டிரிஜில்களும் ஓர் எண்ணெய்ச் சிமிழும் கோக்கப்பட்டிருக்கின்றன. நாம் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு கிளம்புவதுபோல் அவர்கள் அதனை எடுத்துக்கொண்டு குளியல் கூடத்திற்குக் கிளம்பியிருக்கிறார்கள்!

இரும்பும் வெண்கலமும் வேண்டாம் என்றவர்களும் இருந்தனர். எளிய வாழ்வுக்குப் பெயர்போன ஸ்பார்ட்டர்கள் நாணலால் ஆன ஸ்டிரிஜிலையே பயன்படுத்தினர் என்று புளூட்டார்க் எழுதியிருக்கிறார். கருவி நல்லதாயினும் அளவு மீறினால் கேடுதான். பேரரசர் அகஸ்டஸின் உடம்பில் ஆங்காங்கே தோல் தடித்துச் சொரசொரத்துப் போயிருந்ததாகவும், தினவு தாங்காமல் ஸ்டிரிஜிலை ஓயாமல் அழுத்திப் பயன்படுத்தியதே அதற்குக் காரணம் என்றும் வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் குறித்துள்ளார். உலகையே ஆண்டவருக்கும் உடம்பு அரிக்கத்தான் செய்தது.

விலைபோன அழுக்கு

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்லியாக வேண்டும். வழித்தெடுத்த அழுக்கை அவர்கள் வீணாக்கவில்லை. மற்போர் வீரர்களின் மேனியிலிருந்து எடுத்த எண்ணெய்ப் பசைக்கு மருத்துவக் குணம் உண்டு என்று நம்பினர். வீக்கத்திற்கும் மூட்டு வலிக்கும் பூசினர். உடற்பயிற்சிக் கூடப் பொறுப்பாளர்கள் இந்த வழிசலை 80,000 செஸ்டர்சுகளுக்கு விற்றதுண்டு என்கிறார் மூத்த பிளினி. அவர் கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்தவர். அவர் காலத்து உரோமைப் படைவீரன் ஒருவனின் ஆண்டு ஊதியம் 900 செஸ்டர்சுகள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு படைவீரன் 88 ஆண்டுகள் உழைத்தாலும் அந்தத் தொகையை எட்ட முடியாது!

சிலையான இளைஞன்

இவ்வளவு சாதாரணமான ஒரு செயலைக் கலையாக்கியவர் லிசிப்பஸ். மாமன்னர் அலெக்சாந்தரின் சிற்பி இவர். உடம்பை வழித்துக்கொண்டிருக்கும் ஓர் இளைஞனின் வெண்கலச் சிலையை கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் வடித்தார். வெற்றிவாகை சூடிய கோலத்தையோ ஈட்டி எறியும் கோலத்தையோ அவர் தேர்ந்தெடுக்கவில்லை. ஆட்டம் முடிந்து, களைத்து, வலக்கையை முன்னே நீட்டி, இடக்கையால் அதை வழித்துக்கொண்டிருக்கும் கோலத்தையே தேர்ந்தெடுத்தார்.

அச்சிலை பின்னர் உரோமுக்கு வந்தது. அகஸ்டஸின் தளபதி அக்ரிப்பா அதனைத் தாம் கட்டிய பொதுக் குளியல் கூடத்தின் முன் நிறுத்தினார். அடுத்துப் பேரரசரான டைபீரியசுக்கு அதன் மீது அளவற்ற ஆசை. ஒருநாள் அதைப் பெயர்த்தெடுத்துத் தம் படுக்கையறையில் வைத்துக்கொண்டு, வேறொரு சிலையை அவ்விடத்தில் நிறுத்தினார். மக்கள் விடவில்லை. நாடக அரங்கில் கூடி, 'எங்கள் சிலையைத் திருப்பித் தா' என்னும் பொருள்பட முழக்கமிட்டனர். பேரரசர் பணிந்தார், சிலை பழைய இடத்திற்கே திரும்பியது. இதனைச் சொல்பவரும் பிளினிதான்.

அந்த வெண்கலம் இன்று இல்லை. அதன் பளிங்குப் படி 1849-இல் உரோம் நகரில் கண்டெடுக்கப்பட்டு, வத்திக்கான் அருங்காட்சியகத்தில் உள்ளது. இதே பொருளில் அமைந்த வேறு இரு வெண்கலச் சிலைகளும் கிடைத்துள்ளன. ஒன்று 1896-இல் எபேசு நகரில் உடைந்த துண்டுகளாகக் கிடைத்தது. இப்போது வியன்னாவில் இருக்கிறது. மற்றொன்றைக் குரோவாசிய நாட்டுக் கடலில், 45 மீட்டர் ஆழத்தில், 1996-இல் முக்குளிப்பாளர் ஒருவர் கண்டார். 1999-இல் அது மேலே கொணரப்பட்டது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் நீருக்கடியில் கிடந்த சிலை! அதற்கென்றே மாலி லோஷின் என்ற ஊரில் ஓர் அருங்காட்சியகம் அமைத்து 2016-இல் திறந்தார்கள்.

இந்தச் சிலைகளின் படங்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வத்திக்கானில் உள்ளவன் கையை வழிக்கிறான். மற்ற இருவரும் வேலை முடிந்து ஸ்டிரிஜிலையே துடைத்துக்கொண்டிருக்கின்றனர். மூவரில் ஒருவன்கூட முதுகை வழிக்கவில்லை. இதில் வியப்பில்லை. ஒரு சாண், ஒன்றரைச் சாண் நீளமே உள்ள அந்தக் கருவியைத் தானே பிடித்துக்கொண்டு முதுகு முழுவதையும் எட்டுவது எளிதன்று.

அப்படியானால், முதுகை வழித்தது யார்?

சுவரில் தேய்த்த படைவீரர்

உரோமைப் பொதுக் குளியல் கூடங்கள் ஏழைகளுக்கும் திறந்திருந்தன. பலவற்றில் நுழைவுக் கட்டணம் ஒரு குவாட்ரன்ஸ். அவர்களுடைய நாணயங்களில் மிகச் சிறியது அதுதான். பதினாறு குவாட்ரன்ஸ் சேர்ந்தால்தான் ஒரு செஸ்டர்ஸ். பேரரசரும் பிச்சைக்காரரும் ஒரே வெந்நீரில் இறங்கிய இடம் என்று இதனைப் புகழ்வோர் உண்டு. ஆடை களைந்தபின் எல்லோரும் ஒன்றுதானே என்று நாமும் எண்ணிவிடலாம்.

பேரரசர் ஹேட்ரியன் (கி.பி. 117–138) பற்றிய ஒரு கதை அந்த எண்ணத்தைக் கலைத்துவிடுகிறது. பொதுமக்களோடு சேர்ந்து குளிப்பது அவர் வழக்கம். ஒருநாள் குளியல் கூடத்தில் முதியவர் ஒருவர் சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முன்னாள் படைவீரரான அவரை ஹேட்ரியன் அடையாளம் கண்டுகொண்டார். ஏன் இப்படிச் செய்கிறீர் என்று வினவ, எனக்கு முதுகு வழிக்க அடிமை இல்லை என்றார் அவர். பேரரசர் அவருக்கு அடிமைகளையும், அவர்களைப் பேணுவதற்கான பொருளையும் வழங்கினார். செய்தி பரவாமல் இருக்குமா? அடுத்தமுறை பேரரசர் வந்தபோது ஒரு கூட்டமே சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றது! ஹேட்ரியன் அவர்களை அழைத்து, ஒருவர் முதுகை ஒருவர் வழித்துக்கொள்ளுமாறு சொன்னாராம்.

இக்கதை இடம்பெறும் தொகுப்பு ஹேட்ரியன் காலத்திற்கு நெடுநாள் கழித்து எழுதப்பட்டது; அதில் உள்ள அனைத்தையும் அப்படியே நம்ப இயலாது என்பதே அறிஞர்களின் கருத்து. எனினும், கட்டுக்கதையே ஆனாலும் கேட்பவருக்கு அது புரிய வேண்டுமானால் அதன் பின்னணி உண்மையாக இருந்தாக வேண்டும். வசதியுள்ளவன் அடிமையோடு வருவான். ஸ்டிரிஜிலைச் சுமந்து வருவதும் முதுகை வழிப்பதும் அந்த அடிமையின் வேலை. அடிமை இல்லாதவனுக்குச் சுவரே கதி என்பது அக்கால மக்கள் அனைவரும் அறிந்த செய்தி. குளியல் கூடத்திற்குள் நுழைவது மலிவு. உதவிக்கு ஒரு கை கிடைப்பதுதான் அரிது.

நான் சொல்ல வந்த கருத்து இதுதான். வளைவை அவ்வளவு நுட்பமாகச் சிந்தித்த கைவினைஞர்களுக்குக் கைப்பிடியை இரு மடங்கு நீட்டத் தெரியாதா? தெரியும். அவ்வாறு நீட்டுவதற்கான தேவை எழவில்லை என்பதே என் எண்ணம். விலை கொடுத்து வாங்குபவனின் முதுகுப் பக்கம் இன்னொரு மனிதன் நின்றுகொண்டிருந்தான். அந்த அடிமையின் கைதான் ஸ்டிரிஜிலின் மறைந்திருந்த நீள் கைப்பிடி. அவன் முதுகை யார் வழித்தார்கள் என்று எந்த நூலும் எழுதவில்லை. எந்தச் சிற்பியும் வடிக்கவில்லை.

தகட்டிலிருந்து துணிக்கு

மேற்கு ஐரோப்பாவில் உரோமைப் பேரரசு சரிந்தபின் பெரும் குளியல் கூடங்களும் பாழடைந்தன, ஸ்டிரிஜிலும் வழக்கொழிந்தது. ஆனால், வெந்நீர்க் கூடங்களின் மரபு கிழக்கே தொடர்ந்தது. துருக்கியரின் 'ஹமாம்' அம்மரபின் வழிவந்தது. அங்கே கருவி மாறிவிட்டது. உலோகத் தகட்டின் இடத்தில் 'கெஸே' எனப்படும் கையுறை வந்தது. ஆட்டு உரோமத்தாலோ முறுக்கிய பட்டு நூலாலோ நெய்யப்பட்ட சொரசொரப்பான பை அது. இங்கே எண்ணெய்க்கு வேலையில்லை. நீராவியில் தோல் ஊறியதும் கையுறையால் தேய்த்தால், மேற்புறத்து இறந்த அணுக்கள் சுருண்டு திரிதிரியாய் உதிரும். கைப்பிடியே தேவைப்படாத கருவி, கையே கருவியாகிவிட்டது. இருந்தும் தேய்ப்பதற்குத் 'தெல்லாக்' என்னும் பணியாளர் வேண்டியிருந்தது.

அந்தக் கையுறையை நினைவூட்டும் ஒரு பொருள் 1960-களில் தென்கொரியாவின் பூசான் நகரில் பிறந்தது. உள்ளங்கை அளவே உள்ள ஒரு துணிப்பை. விஸ்கோஸ் ரேயான் நூலால் ஆனது. அதன் பிறப்பில் இத்தாலிய இறக்குமதிக்குப் பங்கு இருந்ததால் 'இத்தாலித் துவாலை' என்றே பெயர் நிலைத்துவிட்டது. வீடுகளில் வெந்நீர் வசதி குறைவாக இருந்த அக்காலத்தில், கொரியர்கள் பொதுக் குளியல் கூடங்களுக்குச் சென்று வெந்நீரில் ஊறி, இத்துவாலையால் தேய்த்துக் குளித்தனர். விலையோ மிகக் குறைவு. ஏழை எளியவர் அனைவரும் வாங்கினர்.

முதுகுச் சிக்கல் அங்கும் இருந்தது. அதற்கு அவர்கள் கண்ட விடைகள் பல. கூலிக்குத் தேய்த்துவிடும் தொழிலாளர்கள் இருந்தனர். அறிமுகமில்லாத இருவர் அருகருகே அமர நேர்ந்தால், 'உங்கள் முதுகை நான் தேய்க்கிறேன். என் முதுகை நீங்கள் தேய்த்துவிடுங்கள்' என்று கேட்டுக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. ஹேட்ரியன் அன்று நகைச்சுவையாகச் சொன்னதைக் கொரியர்கள் நல்ல பண்பாடாகவே ஆக்கிக்கொண்டனர்! இரு கைகளாலும் பிடித்து இழுத்துத் தேய்க்கும் நீண்ட துவாலையும் வந்தது.

இவை அனைத்தையும்விட என்னைக் கவர்ந்தது வேறொன்று. பூசானிலும் அதைச் சூழ்ந்த தென்கிழக்குப் பகுதியிலும் உள்ள குளியல் கூடங்களில் சுவரையொட்டி ஓர் இயந்திரம் இருக்கும். அதில் ஒரு வட்டத் தட்டு; தட்டின் மேல் இத்தாலித் துவாலைத் துணி. விசையை அழுத்தினால் தட்டு சுழலும். குளிப்பவர் அதன்முன் திரும்பி அமர்ந்து முதுகைச் சாய்த்துக்கொள்வார். எவரையும் ஏவ வேண்டியதில்லை. எவரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. அந்தப் பழைய உரோமைப் படைவீரர் சாய்ந்த அதே சுவர்தான். ஆனால், இம்முறை சுவருக்கே கை முளைத்திருக்கிறது!

வகுப்பறையில் ஒரு வரைபடம்

அண்மையில் என் மாணவர்களிடம் வீட்டில் உள்ள ஒருவருக்குப் பயன்படும் கருவி ஒன்றை வடிவமைத்து வரச் சொன்னேன். பலரும் பறக்கும் பொருள்களையும் மின்கலத்தால் இயங்கும் பொருள்களையும் வரைந்திருந்தனர். ஒரு மாணவி மட்டும் ஒரு நீண்ட வளைந்த பிடியும், அதன் நுனியில் ஒரு துண்டுப் பீர்க்கங்கூடும் வரைந்திருந்தாள்.

"இது யாருக்கு, அம்மா?" என்று கேட்டேன்.

"பாட்டிக்கு, சார். அவங்களுக்குத் தோள் வலி, கையைத் தூக்க முடியாது. அம்மாவைக் கூப்பிடக் கூச்சப்படுறாங்க" என்றாள்.

பிடி ஏன் இவ்வளவு தடிமன் என்று கேட்டதற்கு, பாட்டியின் விரல்கள் முழுதும் மடங்கா என்றாள். நுனியில் உள்ள கூடு ஏன் கழற்றும்படி இருக்கிறது என்றதற்கு, வெயிலில் காயவைக்க வேண்டும், ஈரமாகவே கிடந்தால் கெட்டுப்போகும் என்றாள். வடிவமைப்பு என்றால் என்ன என்று நான் ஒரு பாடவேளை முழுதும் விளக்கியதை அந்தப் பிள்ளை மூன்றே விடைகளில் சொல்லிவிட்டாள். அவள் கருவியிலிருந்து தொடங்கவில்லை. பாட்டியின் கூச்சத்திலிருந்து தொடங்கினாள்.

'தன் முதுகு தனக்குத் தெரியாது' என்பது நம் பழமொழி. 'தன் கையே தனக்குதவி' என்பதும் நம் பழமொழிதான். முதுகு தேய்க்கும் கருவியின் நெடும் வரலாறு இவ்விரு பழமொழிகளுக்கும் இடையே உள்ள தொலைவைக் கடக்க மனிதன் செய்த முயற்சி என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒருவர் கேட்டுக்கொள்ள, மற்றவர் அன்போடு முதுகு தேய்த்துவிடுவது உறவு. வேறு வழியில்லாமல் ஒருவன் இன்னொருவனுக்குத் தேய்த்துவிடுவது அடிமைத்தனம். இரண்டிலும் கை செய்யும் வேலை ஒன்றே. மறுத்துச் சொல்லும் உரிமை அந்தக் கைக்கு உண்டா என்பதில்தான் வேறுபாடு.

அருங்காட்சியகத்துக்குச் செல்லும்போது கண்ணாடிப் பேழைக்குள் துருப்பிடித்த, வளைந்த தகடு ஒன்றைக் கண்டால் கடந்து போய்விடாதீர்கள். பிள்ளைகளை நிறுத்தி, அதன் வளைவையும் பள்ளத்தையும் காட்டுங்கள். பிறகு, 'இது முதுகுக்கு எட்டுமா?' என்று கேளுங்கள். விடையை அவர்களே கண்டுபிடிக்கட்டும். அதற்குப் பின் அவர்கள் கேட்கப்போகும் கேள்விகள்தாம் உண்மையான வரலாற்றுப் பாடம்.